பொதுப்பணத்தில் கூத்து: விண்ணப்பத்துக்கு முன்னால் கடைசி அறிக்கையை எழுதுங்கள்

கலைக்குப் பொது நிதி கேட்டு விண்ணப்பம் எழுத உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, படிவத்தைத் தொடாதீர்கள் என்பதுதான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எல்லாம் முடிந்தபின் நீங்கள் கொடுக்க வேண்டிய கடைசி அறிக்கையை இன்றைக்கே எழுதிப் பாருங்கள். எந்தக் கூத்து ஆடினோம், எந்தெந்த ஊரில், எத்தனை பேர் ஆடினார்கள், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், யார் கைக்கு எவ்வளவு போனது, கையில் மிச்சம் என்ன. நடந்து முடிந்ததுபோலவே எழுதுங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அங்கேதான் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது. அதை அடைத்த பிறகு விண்ணப்பம் பாதி எழுதி முடித்த மாதிரி.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு சாட்ஸ்வொர்த்தில். அப்பா மத்தளம் வாசித்தவர். இப்போது ஒரு தெருக்கூத்துக் குழுவுக்குக் காகித வேலை முழுவதும் நான்தான் பார்க்கிறேன். நாதஸ்வரக்காரர், தவில் சொல்லிக்கொடுப்பவர், கோலத்தைச் சுவரோவியமாகப் போடுகிற ஒரு இளம்பெண் என்று வேறு சிலரும் வருவார்கள். பணம் கொடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ரசீது சரிபார்த்தவள், இப்போது கேட்கும் பக்கத்தில் நிற்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குழு வாத்தியார் முதலில் இதற்குச் சம்மதிக்கவே இல்லை. “அரசாங்கக் காசு வாங்கினா அரசாங்கத்து ஆளாயிடுவோம் பாப்பா, வேண்டாம்” என்றார். அவர் வயதுக்காரர்கள் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1984இல் நிறவெறி அரசு முச்சபை நாடாளுமன்றம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, இந்தியர்களுக்கென்று ஒரு தனிச் சபை வைத்தபோது, நம்மில் பெரும்பாலோர் ஓட்டுப் போடவே போகவில்லை. அந்தக் காலத்தில் அரசுப் பணத்தைத் தொட்டவர்களை ஊர் எப்படிப் பார்த்தது என்பது அவருக்குத் தெரியும்.

நான் அவரிடம் சொன்னது வேறு. “வாத்தியாரே, அப்பவும் கலைக்குப் பணம் போய்க்கிட்டுதான் இருந்தது. நட்டால் நிகழ்த்துகலை மன்றத்துக்குப் போச்சு, ஓபராவுக்கும் பாலேவுக்கும் போச்சு. உங்க அப்பா கரும்புத் தோட்டத்திலிருந்து கடைக்குப் போய் சர்க்கரை வாங்கினாலும் வரி கட்டினார். மவுண்ட் எட்ஜ்கூம்பிலயும் டொங்காட்டிலயும் விடிய விடிய ஆடின கூத்துக்கு ஊர்க்காரங்க காசும் கோயில் சோறும்தான். இப்ப நாம கேக்கறது தர்மம் இல்ல.” வாத்தியார் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஒத்திகைக்கு அடையாள அட்டையின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தர்மம் இல்லை என்பதால்தான் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் தெளிவு இருந்தால் வாத்தியாரின் பயத்துக்கு இடமில்லை. கணக்கை முழுதாகக் கொடுங்கள். மக்கள் வந்து பார்க்க வழி கொடுங்கள். கூத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

நேஷனல் ஆர்ட்ஸ் கவுன்சில், என்.ஏ.சி., 1997இல் ஒரு சட்டத்தின் மூலம் அமைந்தது. அலுவலகம் ஜோஹன்னஸ்பர்க் நியூடவுனில். தனிக் கலைஞரும் கேட்கலாம், அமைப்பும் கேட்கலாம். நாடகம், நடனம், இசை, இலக்கியம், கைவினை, காட்சிக்கலை, பல கலைகள் கலந்தவை என்று பிரிவு பிரிவாக வைத்திருக்கிறார்கள். தெருக்கூத்து எதில் சேரும்? பாட்டும் ஆட்டமும் வசனமும் ஒன்றாக இருப்பதால் பலரும் குழம்பிப்போகிறார்கள். நான் நாடகம் என்ற பிரிவிலேயே போடுவேன். கதை சொல்வதுதான் அதன் உயிர்.

லாட்டரி கமிஷன், அதாவது நேஷனல் லாட்டரீஸ் கமிஷன், தனி ஆளுக்குக் கொடுக்காது. பதிவு செய்த லாபநோக்கமற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அங்கே நடந்த ஊழல்களை விசாரிக்க 2020இல் அதிபர் சிறப்புப் புலனாய்வுப் பிரிவுக்கு உத்தரவிட்டார். அங்கே தணிக்கைக் கேள்வி கடுமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தே போங்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அது நல்லதுதான். விண்ணப்பப் படிவத்துக்குக் காசு கிடையாது. “நான் வாங்கித் தருகிறேன், இவ்வளவு சதவீதம் கொடுங்கள்” என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கலை பண்பாட்டுத் துறை, டர்பனின் எத்தெக்வினி நகராட்சி இரண்டும் உள்ளூரில் பக்கத்தில் இருப்பவை. சிறு தொகைக்கு இவை நல்லவை. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. தேசிய, மாகாண அரசுகளின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நகராட்சிக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. தைப்பூசக் காவடிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ மாகாணப் பணத்தில் நிகழ்ச்சி வைத்தால், செலவு முழுக்க மார்ச் 31க்கு முன்னால் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேதியைத் தாண்டிய ரசீது அதிகாரிக்குத் தலைவலி. அவர் தலைவலி உங்கள் அடுத்த தவணையை நிறுத்தும்.

காகிதங்கள்

குழு இன்னும் பதிவாகவில்லை என்றால் சமூக மேம்பாட்டுத் துறையில் 1997ஆம் ஆண்டு லாபநோக்கமற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஒரு சாசனம் எழுத வேண்டும், பொறுப்பாளர்கள் வேண்டும். பதிவோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பதிவு ரத்தாகும். நிதி கேட்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. உங்கள் பதிவெண் இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பிறகு சார்ஸ் என்கிற வரித்துறையின் வரி இணக்க எண், அரசின் மத்திய விற்பனையாளர் தரவுத்தளத்தில் பதிவு, வங்கியின் முத்திரை வைத்த கடிதம், பொறுப்பாளர்களின் அடையாள அட்டை நகல். நகல்களுக்குச் சான்றொப்பம் போலீஸ் நிலையத்திலேயே இலவசமாகப் போட்டுத் தருவார்கள். பழைய சான்றொப்பத்தை ஏற்க மாட்டார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குங்கள். வங்கிக் கணக்கு குழுவின் பேரில் இருக்க வேண்டும், இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் போக வேண்டும். ஒருவர் சொந்தக் கணக்கில் குழுப் பணம் நுழைந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சந்தேகம் வந்துவிடும்.

ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்களுக்கு: 1999ஆம் ஆண்டுப் பொதுநிதி மேலாண்மைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, வெளி அமைப்புக்குப் பணம் மாற்றும் முன் அந்த அமைப்பில் ஒழுங்கான நிதிக் கட்டுப்பாடு இருக்கிறது என்று எழுத்தில் உறுதி வாங்கச் சொல்கிறது. நகராட்சிகளுக்கு அதே மாதிரி 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு. கோப்பில் அந்த உறுதி இல்லாமல் பணம் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அதிகாரி. அவரை எதிரியாக நினைக்காதீர்கள். அவர் கோப்பை நீங்கள் நிரப்பிக் கொடுத்தால் அவர் உங்கள் ஆள்.

காகிதம் குறைந்த விண்ணப்பம் கலை தெரிந்த நிபுணர் குழுவின் மேசைக்கே போகாது. வாத்தியாரின் அடவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பற்றிப் படிக்கவே யாரும் இருக்க மாட்டார்கள்.

வரவுசெலவுத் திட்டம்: இங்கேதான் பொறுமை வேண்டும்

ஒரு மாதிரி சொல்கிறேன். மூன்று ஊரில் மூன்று இரவு, பத்துப் பேர் கொண்ட குழு. ஆட்டக் கூலி ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,500 ராண்ட், ஆக 45,000. எட்டு ஒத்திகைக்கு ஆளுக்கு 200 வீதம் 16,000. மினிபஸ் ஓர் இரவுக்கு 1,800, ஆக 5,400. மைக் செட்டும் ஜெனரேட்டரும் ஓர் இரவுக்கு 4,000, ஆக 12,000. கிரீடம், புஜக்கட்டை சரிசெய்ய, அரிதாரம் வாங்க 9,000. ஒளிப்பதிவு 6,000. கணக்கெழுதி அறிக்கை தயாரிக்க 4,600. கூட்டினால் 98,000.

ஒரு லட்சம் என்று முழுசாகப் போடாதீர்கள். முழு எண்ணைப் பார்த்ததும் கணக்குக்காரி கண்ணுக்கு அது நினைப்பில் வந்த தொகை என்று தெரிந்துவிடும். மினிபஸ்ஸுக்கும் மைக் செட்டுக்கும் இரண்டு மூன்று இடத்தில் விலைப்பட்டியல் வாங்கி இணையுங்கள். ஜெனரேட்டரை விட்டுவிடாதீர்கள். லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை, அந்த வரியை எந்த அதிகாரியும் கேள்வி கேட்டதில்லை.

ஒத்திகைக் கூலி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் குழுக்கள் பெரும்பாலும் அதைப் போடுவதே இல்லை. “சாமி காரியம், ஒத்திகைக்கு என்ன காசு” என்பார்கள். கோயில் திருவிழாவில் பக்தியோடு இலவசமாக ஆடுவது வேறு, அது உங்களுக்கும் அம்மனுக்கும் நடுவில் உள்ளது. பொதுப்பணத்தில் ஆடும்போது ஹார்மோனியக்காரருக்கும் கட்டியங்காரன் வேஷம் கட்டுபவருக்கும் ஒத்திகைக் கூலி கொடுங்கள். டாக்ஸி பிடித்து வருகிற ஒரு பையன் ஐந்தாவது ஒத்திகையில் நின்றுபோவது ஆர்வம் குறைந்ததால் அல்ல, கையில் காசு இல்லாததால். இந்த நிதியின் பெரிய பயனே இதுதான் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். வேலைவாய்ப்பு எத்தனை உருவாகிறது என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தால், அதற்கு நேர்மையான பதிலும் இந்த வரியில்தான் கிடைக்கும்.

உங்கள் பங்கு என்ன என்று கேட்டால் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். கோயில் மைதானம் கொடுக்கிறது, மண்டபம் கொடுக்கிறது, இரவு முழுக்க வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறது. இதற்கெல்லாம் வாடகை மதிப்பு, சாப்பாட்டு மதிப்பு உண்டு. கோயில் செயலாளரிடம் ஒரு கடிதம் வாங்கி, அந்த மதிப்பை எண்ணில் எழுதி, பணமல்லாத பங்களிப்பு என்று காட்டுங்கள்.

எதற்காக இது வேண்டும் என்று எழுதும் இடம்

அரசியலமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளை மதிக்கவும் வளர்க்கவும் சொல்லும் இடத்தில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது எல்லாம் அதே வரியில் இருக்கின்றன. இதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள், போதும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து வரலாறு எழுத ஆரம்பித்தால் கொடுத்த இடம் தீர்ந்துவிடும், உங்கள் கூத்து வரவே வராது. படிப்பவருக்குத் தமிழ் தெரியாது, கூத்து என்றால் என்னவென்றும் தெரியாமல் இருக்கலாம். ஆகவே ஓர் இரவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். விளக்கு ஏற்றுவது, கட்டியங்காரன் வந்து கதை தொடங்குவது, துகிலுரியும் காட்சியில் கிழவிகள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பது. தமிழ் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பீர்கள், பக்கத்துத் தெருவிலிருந்து சுலு பேசும் அண்டைவீட்டார் வந்தால் எப்படி வரவேற்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எங்கள் குழுவில் கட்டியங்காரன் நடுநடுவே ஆங்கிலத்திலும் கொஞ்சம் சுலுவிலும் கதைச் சுருக்கம் சொல்கிறார். விண்ணப்பத்தில் அது எங்களுக்குப் பலமாக இருந்தது. மேடையிலும் சிரிப்பு அள்ளியது.

ஒப்பந்தம் வந்தால்

கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். அவசரப்படுத்தினாலும் ஓர் இரவு கேளுங்கள்.

நியாயமாகக் கேட்பவை இவை. நோட்டீசிலும் பேனரிலும் அவர்கள் முத்திரை. நிகழ்ச்சிக்கு வந்து பார்க்கும் உரிமை. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை. செலவாகாத பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. திட்டத்தை மாற்றினால் முன்கூட்டி எழுத்தில் அனுமதி. இதெல்லாம் முழு மனதோடு ஒப்புக்கொள்ள வேண்டியவை. கடைசியாகச் சொன்னதில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். மழை வந்து நிகழ்ச்சியை உம்ஸிண்டோவிலிருந்து வேறு ஊருக்கு மாற்றினால், மாற்றிய பிறகு சொல்லாதீர்கள். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல், இரண்டு வரி போதும்.

கவனிக்க வேண்டிய இடம் உரிமை. இந்நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படம் எடுக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ யார் சொல்லிப் பணம் கொடுக்கிறார்களோ அவர்களே அந்தப் பதிவுக்கு உரிமையாளர். அதனால் ஒளிப்பதிவுக்காரரை அமர்த்துவதும் பணம் கொடுப்பதும் குழுவாகவே இருக்கட்டும். “நாங்களே கேமரா அனுப்புகிறோம்” என்று நிதி கொடுப்பவர் சொன்னால், அந்தப் பதிவைப் பயன்படுத்த உங்களுக்கும் உரிமை உண்டு என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஆடுகிறவர்களிடமும் பதிவுக்கு எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். 1967ஆம் ஆண்டிலிருந்தே நிகழ்த்துகலைஞர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் ஆடினால் பெற்றோர் கையெழுத்து.

உள்ளே என்ன ஆடுவது என்பதில் கைவைக்கும் வரி இருந்தால் பேசுங்கள். ஒரு விழாவுக்குப் பணம் கொடுத்த ஓர் அலுவலகம், துகில் காட்சியை இருபது நிமிடமாகச் சுருக்கி, நடுவில் தலைவர்கள் பேச இடம் விடச் சொன்னது. வாத்தியார் ஒரே வார்த்தையில் மறுத்தார். நான் கடிதம் எழுதினேன்: பேச்சு எல்லாம் திரை விலகும் முன், பத்து நிமிடம், அதன் பிறகு மேடை கூத்துக்கு. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு கலைப் படைப்புச் சுதந்திரத்தைத் தனியாகவே சொல்கிறது, அதையும் மரியாதையாகக் குறிப்பிட்டேன். ஒப்புக்கொண்டார்கள். இப்போதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தை விண்ணப்பத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே போட்டுவிடுகிறேன். பிறகு யாரும் கேட்பதில்லை.

பணம் வரும்வரை, வந்த பின்

2020-21இல் என்.ஏ.சி. வழியாக 30 கோடி ராண்ட் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம் வந்தது. இருந்த பணத்தைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுத்துவிட்டதால் பலருடைய தொகை குறைக்கப்பட்டது. 2021 மார்ச்சில் ஓபரா பாடகி சிபோங்கிலே ம்ங்கோமாவும் மற்றக் கலைஞர்களும் நியூடவுன் அலுவலகத்திலேயே உட்கார்ந்து வாரக்கணக்கில் போராடினார்கள். கடிதம் வந்ததை நம்பி முன்பணம் கொடுத்துக் கடனில் விழாதீர்கள். முதல் தவணை கணக்கில் ஏறியபின் மினிபஸ்ஸுக்கு உறுதி சொல்லுங்கள். தவணை தவணையாகத்தான் பணம் வரும், கடைசித் தவணை பெரும்பாலும் அறிக்கைக்குப் பிறகுதான். எனவே கடைசி இரவின் செலவைச் சமாளிக்க வேறு பணம் கையில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

கூலி கொடுக்கும்போது ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். வங்கிக் கணக்கு இல்லாத பெரியவர்கள் இருந்தால் பெயர், அடையாள எண், தேதி, தொகை, கையெழுத்து உள்ள ஒரு தாள். ரசீது வெப்பத்தாளில் இருந்தால் அன்றைக்கே போட்டோ எடுங்கள், எங்கள் ஊர் வெயிலில் எழுத்து மறைந்துவிடும். எல்லாவற்றையும் ஐந்து வருஷம் வைத்திருங்கள். வந்தவர்களை எண்ண வாசலில் ஒரு பிள்ளையைக் கையில் எண்ணும் பொறியோடு உட்கார வையுங்கள். “ஆயிரம் பேர் வந்தார்கள்” என்று ஊகமாக எழுதுவதைவிட 340 என்ற உண்மை எண் உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும்.

பிறகு அறிக்கை. ஆரம்பத்தில் எழுதிய அந்த வெள்ளைத்தாளை எடுங்கள். நடந்தது எது, மாறியது எது, ஏன் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். கூட்டம் குறைந்திருந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். பதிவின் ஒரு பிரதியை குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பொதுப்பணத்தில் எடுத்தது பொது இடத்தில் இருக்கட்டும், அதையும் அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

இல்லை என்று வந்தால்

பெரும்பாலும் காரணம் சொல்லாமல்தான் வரும். 2000ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, முடிவு தெரிந்த 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம், அவர்கள் 90 நாளுக்குள் சொல்ல வேண்டும். கோபத்தை எழுதாதீர்கள். விண்ணப்ப எண், முடிவு வந்த தேதி, “இந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் எழுத்து வடிவில் காரணங்களைக் கேட்கிறேன்” என்ற ஒரு வாக்கியம், நிபுணர் குழு கொடுத்த மதிப்பெண் இருந்தால் அதையும் தரவும் என்று இன்னொரு வாக்கியம். ஆங்கிலத்தில் எழுதி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பதில் வந்ததும் கோப்பில் அந்த விண்ணப்பத்துக்கு மேலேயே வையுங்கள். அடுத்த அழைப்பு வரும்போது முதலில் படிக்க வேண்டியது அதுதான்.